தெற்கு மாசி வீதி வீட்டார்: சனிக்கிழமை மாலை

செல்வி, 5.42: பாண்டி, வேலையாக இருக்கிறாயா? நாளை காலை 8 மணிக்குப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் 18 பேருக்குக் கணக்குத் தேர்வு வைத்திருக்கிறேன். வினாத்தாள் தயார். பிரிண்டர்தான் செவ்வாய்க்கிழமையிலிருந்து அசையவில்லை. கணினியில் 'ஆஃப்லைன்' என்றே காட்டுகிறது.

ராஜாங்கம், 5.44: கடைக்குத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினேன் மாப்பிள்ளை. வைஃபை போர்டு போய்விட்டது, புதிது வாங்கிவிடுங்கள் என்கிறார்கள். வாங்கிவிடட்டுமா?

பாண்டி, 5.51: மாமா, ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். அத்தை, செவ்வாய்க்கிழமை வீட்டில் என்ன மாறியது?

செல்வி, 5.52: ஒன்றும் மாறவில்லையே.

கார்த்தி, 5.52: அம்மா மறந்துவிட்டார்கள் மச்சான். இன்டர்நெட் பெட்டியை அன்றைக்குத்தான் மாற்றிவிட்டுப் போனார்கள்.

பாண்டி, 5.54: அதுதான். பிரிண்டர் பழைய பெட்டியின் பெயரையும் கடவுச்சொல்லையும்தான் மனத்தில் வைத்திருக்கிறது. காலிசெய்துவிட்டுப் போன வீட்டின் கதவைத் தட்டிக்கொண்டே இருக்கிறது, பாவம். கார்த்தி, நீல விளக்கு எப்படி எரிகிறது?

கார்த்தி, 5.55: விட்டு விட்டு எரிகிறது.

பாண்டி, 5.56: தேடுகிறது என்று அர்த்தம். போர்டு முழுதாகப் போயிருந்தால் பெரும்பாலும் அந்த விளக்கே வந்திருக்காது. புதிய பெட்டியில் டபிள்யூபிஎஸ் என்ற பொத்தான் இருக்கிறதா? இருந்தால் அதை அழுத்திய 2 நிமிடத்துக்குள் பிரிண்டரிலும் அழுத்த வேண்டும், கடவுச்சொல்லே தேவையில்லை.

கார்த்தி, 5.58: இல்லை மச்சான்.

பாண்டி, 5.59: சரி, பிரிண்டரின் சின்னத் திரையில் வயர்லெஸ் செட்டப் போய்ப் பெயரைத் தேர்ந்தெடு.

கார்த்தி, 6.03: கைபேசியில் நம் வீட்டுப் பெயர் இரண்டு தெரிகிறது. ஒன்று 5ஜி என்று முடிகிறது. பிரிண்டரில் மற்றொன்று மட்டும்தான் வருகிறது.

செல்வி, 6.04: 5ஜிதானே வேகம்? அதில் சேர்க்க முடியாதா?

பாண்டி, 6.09: அத்தை, அது செல்போன் 5ஜி இல்லை. 5 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசை. வீட்டுப் பிரிண்டர்களில் பல 2.4 ஜிகாஹெர்ட்ஸ் மட்டுமே பேசும், அதனால்தான் அந்தப் பெயர் அதற்குத் தெரியவில்லை. தாள் அச்சடிக்க அந்த வேகம் தாராளம். சுவரைத் தாண்டுவதிலும் 2.4தான் மேல். கைபேசி 5ஜி பெயரில் இருந்தாலும் பரவாயில்லை, இரண்டும் ஒரே பெட்டிதான். விருந்தினருக்கென்று தனிப் பெயர் வைத்திருந்தால் அதில் மட்டும் சேர்க்காதீர்கள். அதில் சேர்ந்த கருவிகளை ஒன்றையொன்று பார்க்கவிட மாட்டார்கள்.

கார்த்தி, 6.15: கடவுச்சொல் தவறு என்கிறது. இரண்டு தடவை.

பாண்டி, 6.16: பெட்டியின் அடியில் ஒட்டியிருப்பதைப் படம் எடுத்து அனுப்பு.

பாண்டி, 6.18: நான்காவது எழுத்து பூஜ்யம். நீ ஓ அடித்திருப்பாய்.

கார்த்தி, 6.20: சேர்ந்துவிட்டது!!

செல்வி, 6.31: இரண்டு தாள் வந்தது, பாண்டி. மூன்றாவது பாதியில் நின்றுவிட்டது. திரும்பவும் ஆஃப்லைன்.

வசந்தா, 6.33: செல்வி, பேசாமல் ஜெராக்ஸ் கடைக்கு அனுப்பிவிடு. கடை அடைக்கிற நேரமாகிவிடும்.

செல்வி, 6.36: இல்லை மதினி. போன மாதம் கடையில் எடுத்தபோது படமெல்லாம் நகர்ந்து, கோணத்தின் எழுத்து வேறு மூலையில் போய் நின்றது. ஒரு பிள்ளை அந்தத் தப்பான படத்தை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் போராடி அழுதுவிட்டது. என் கையாலேயே எடுத்துச் சரிபார்த்துத்தான் கொடுப்பேன்.

பாண்டி, 6.38: அத்தை, பிரிண்டர் இப்போது எங்கே இருக்கிறது?

கார்த்தி, 6.39: பின்கட்டு அறையில், அம்மாச்சியின் பீரோவுக்குப் பின்னால். டியூஷனுக்கு இடம் வேண்டுமென்று அங்கே நகர்த்தினோம்.

பாண்டி, 6.44: பெட்டி முன்கூடத்தில். நடுவில் இரண்டு சுண்ணாம்புச் சுவர், ஒவ்வொன்றும் ஒரு முழம் அகலம். போதாததற்கு இரும்பு பீரோ. தாத்தா கட்டிய சுவரை நான் குறை சொல்ல மாட்டேன், ஆனால் அலை இரும்புக்குள் புகாது. இனி வைஃபையோடு மல்லுக்கட்ட வேண்டாம். பிரிண்டரின் பின்னால் டெலிபோன் ஜாக் மாதிரி, அதைவிடக் கொஞ்சம் அகலமான துளை இருக்கிறதா பார்.

கார்த்தி, 6.46: இருக்கிறது. மேலே ரப்பர் மூடி போட்டிருக்கிறது.

பாண்டி, 6.47: மாமா, டவுன் ஹால் ரோட்டில் 20 மீட்டர் நெட்வொர்க் கேபிள், இரண்டு முனையிலும் பிளக் போட்டது, வாங்கி வாருங்கள். 100 மீட்டர் வரை சிக்கல் இல்லாமல் போகும். முற்றத்து ஓரமாகவே கொண்டுவாருங்கள், கரண்டு ஒயரோடு சேர்த்துக் கட்டாதீர்கள்.

ராஜாங்கம், 7.35: வந்துவிட்டேன். 'டிக்' என்று சத்தம் வரும் வரை இரண்டு பக்கமும் செருகியாயிற்று. பச்சை விளக்கு எரிகிறது. ஆனால் அச்சு வரவில்லை மாப்பிள்ளை.

பாண்டி, 7.37: கார்த்தி, பிரிண்டரிலிருந்து நெட்வொர்க் விவரத் தாள் ஒன்று எடு. அதில் ஐபி முகவரி, அதாவது வீட்டு நெட்வொர்க்கில் பிரிண்டரின் எண், என்ன?

கார்த்தி, 7.40: 169.254 என்று ஆரம்பிக்கிறது.

பாண்டி, 7.43: பெட்டி அதற்கு முகவரி கொடுக்கவில்லை, அதனால் தானாகவே ஒன்றை வைத்துக்கொண்டது. மாமா, பெட்டியில் எந்தத் துளையில் செருகினீர்கள்?

ராஜாங்கம், 7.44: கடைசியில், 4 என்று போட்டதில்.

பாண்டி, 7.45: சில பெட்டிகளில் ஒரு துளையைத் தொலைக்காட்சிக்கென்று ஒதுக்கியிருப்பார்கள். 1-க்கு மாற்றிவிட்டு, பிரிண்டரை அணைத்துப் போடுங்கள்.

கார்த்தி, 7.49: 192.168.1.7!

பாண்டி, 7.52: பெட்டி முகவரி கொடுத்துவிட்டது. இனி கணினியில் பழைய பிரிண்டர் பெயரை நீக்கிவிட்டுப் புதிதாகச் சேர். பழைய பெயர் பழைய முகவரிக்கே தாளை அனுப்பிக்கொண்டிருக்கும். அது முடிந்ததும் எனக்குக் கூப்பிடு, பெட்டியின் அமைப்புக்குள் போய் இந்த 7-ஐப் பிரிண்டருக்கென்றே நிரந்தரமாக ஒதுக்கிவிடலாம். இல்லாவிட்டால் ஒரு நாள் மின்சாரம் போய் வந்ததும் வேறு எண் கிடைத்து, அத்தை மறுபடி ஆஃப்லைனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

வசந்தா, 8.05: என்ன ஆயிற்று? யாராவது சொல்லுங்களேன்.

செல்வி, 8.21: 36 தாளும் வந்துவிட்டது மதினி, இரண்டு பக்கமும். ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டேன். ஆறாம் கேள்வியில் தொடுகோடு வட்டத்தைத் தொட வேண்டிய இடத்தில்தான் தொடுகிறது. பாண்டி, நீ முதலில் சாப்பிடு. மாமா கேபிளை நிலைப்படி ஓரமாகக் கிளிப் வைத்து அடித்துக்கொண்டிருக்கிறார், காலையில் பிள்ளைகள் கால் இடறிவிடக்கூடாது.