தேங்காய் எண்ணெய் சோப்பு போட்டேன், தோல் எரிகிறது. எங்கே தப்பு?

கொல்லைப்புறம்:
முதல்முறையாக வீட்டில் சோப்பு போட்டேன். செக்குத் தேங்காய் எண்ணெய் அரை லிட்டர், காஸ்டிக் சோடா 90 கிராம், தண்ணீர் 200 மில்லி. எனக்குக் கிடைத்த குறிப்பில் 500க்கு 90 என்றுதான் இருந்தது. வெள்ளைவெளேரென்று அழகாகக் கட்டியாகிவிட்டது, நுரையும் பொங்குகிறது, ஆனால் பத்தாவது நாள் தேய்த்துக் குளித்தால் கை காலெல்லாம் இழுத்துப் பிடிக்கிறது, கழுத்தில் எரிச்சல் வேறு. மகளின் வறண்ட தோலுக்காகத்தான் செய்ததே.

ஈயச்சொம்பு:
அந்த 500 கிராமா, மில்லியா? அரை லிட்டர் தேங்காய் எண்ணெயை எடை போட்டுப் பாருங்கள், 460 கிராம்தான் வரும். ஒரு கிராம் எண்ணெய்க்கு 0.183 கிராம் காஸ்டிக் சோடா என்று கணக்கு, ஆக 460க்கு 84 கிராம் போதும். மீதி 6 கிராம் காரம் சேர்வதற்கு எண்ணெய் இல்லாமல் சோப்புக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. மகளுக்குத் தேய்க்கவே தேய்க்காதீர்கள்.

தூக்கிப் போடவும் வேண்டாம். கையுறை போட்டுக்கொண்டு துருவி, 100 கிராம் நல்லெண்ணெயும் கொஞ்சம் தண்ணீரும் விட்டு, கொதிக்கும் தண்ணீருக்குள் பாத்திரத்தை வைத்துக் கூழாகும்வரை கிண்டி மறுபடி அச்சில் ஊற்றுங்கள். எவர்சில்வர் பாத்திரம்தான், அலுமினியத்தைக் காரம் அரித்துவிடும் (ஒரு நல்ல குண்டானை இப்படித்தான் தொலைத்தேன்).

மாடித்தோட்டக்காரி:
எடை சரியாக இருந்தாலும் தேங்காய் எண்ணெய் மட்டும் என்றால் இழுக்கத்தான் செய்யும். அதிலுள்ள லாரிக் அமிலத்தால்தான் அவ்வளவு நுரை, தோலின் எண்ணெய்ப் பசையை வழித்தெடுப்பதும் அதேதான்.

நான் போடுவது தேங்காய் 200, ஆலிவ் 250, விளக்கெண்ணெய் 50, எல்லாம் கிராமில். காஸ்டிக் சோடா 73, தண்ணீர் 150. இதில் எண்ணெய் ஐந்து சதவீதம் மிஞ்சும், தோலுக்கு இதமே அந்த மிச்சம்தான். சோடாவைத் தண்ணீரில் போடுங்கள், தண்ணீரைச் சோடாவில் ஊற்றினால் பொங்கித் தெறிக்கும், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம். அப்புறம் பத்து நாளில் எடுத்தது அவசரம், நான்கிலிருந்து ஆறு வாரம் காற்றாடக் கிடக்கட்டும்.

நல்லெண்ணெய் எனக்கு ஒத்துவரவில்லை. மூன்றே மாதத்தில் ஆரஞ்சுப் புள்ளி விழுந்து சிக்கு வாடை.

ஈயச்சொம்பு:
வெயில் படுகிற ஜன்னலோரம் வைத்திருப்பீர்கள் :)

கொல்லைப்புறம்:
காஸ்டிக் சோடாவே இல்லாமல் செய்ய வழியில்லையா? பயமாக இருக்கிறது.

மாடித்தோட்டக்காரி:
இல்லை. காரம் சேராமல் எந்த எண்ணெயும் சோப்பாகாது. கடையில் விற்கும் உருக்கி ஊற்றுகிற கட்டியில் அந்த வேலையை வேறு யாரோ முடித்துத் தந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். கணக்கு சரியென்றால் கடைசியில் காரம் மிஞ்சாது. ஆனாலும் எவ்வளவு நன்றாகச் செய்த சோப்புக்கும் பிஎச் (காரத்தன்மையின் அளவு, 7க்கு மேல் போனால் காரம்) 9, 10 பக்கம்தான் இருக்கும், பிள்ளைக்குத் தினமும் எதற்கு? பயத்தம்மாவு போதும். அரிப்பு, வெடிப்பு இருந்தால் தோல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

கொல்லைப்புறம்:
இப்போதுதான் தராசில் வைத்தேன். 458 கிராம்! துருவ உட்காருகிறேன்.