ஹோம் அசிஸ்டன்ட்டில் கேமரா படம் ஓடவில்லை, அவசர உதவி

மின்மினி:
வீட்டுக் கருவிகளைக் கட்டுப்படுத்தும் ஹோம் அசிஸ்டன்ட் மென்பொருளில், ஜெனரிக் கேமரா என்ற இணைப்பில் கேமராவின் ஆர்டிஎஸ்பி (நேரலை வீடியோ) முகவரியைப் போட்டேன், சேர்ந்துவிட்டது. டாஷ்போர்டில் தொட்டால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. விஎல்சி வீடியோ பிளேயரில் நன்றாக ஓடுகிறது. யாராவது சொல்லுங்களேன்.

கம்பிவடம்:
எந்தப் பதிப்பு? டாக்கரில் (மென்பொருளைத் தனிப் பெட்டிபோல் ஓட்டும் முறை) ஓட்டுகிறீர்களா, தனிக் கணினியிலா? எந்த உலாவி? லாக்கில் என்ன வருகிறது?

ஈரநிலா:
கடவுச்சொல்லில் @ இருக்கிறதா? இருந்தால் முகவரியில் அதை %40 என்று எழுத வேண்டும். பெரும்பாலும் இதுதான் சிக்கலாக இருக்கும்.

பழையவாசி:
விஎல்சியில் ஓடுகிறது என்கிறார், அப்புறம் கடவுச்சொல் எப்படித் தவறாகும்? கேள்வியைப் படித்துவிட்டு எழுதுங்கள். மின்மினி, உலாவிக்கு ஆர்டிஎஸ்பி புரியாது. ஹோம் அசிஸ்டன்ட் அதை உலாவிக்குப் புரியும் எச்எல்எஸ்ஸாகவோ வெப்ஆர்டிசியாகவோ கொடுக்கும், ஆனால் கோடெக்கை, அதாவது வீடியோவைச் சுருக்கும் முறையை, மாற்றாது. உலாவியில் ஓடாமல் போகக்கூடிய எச்.265 கோடெக்கில் கேமரா அனுப்புகிறதா என்று பாருங்கள். இதெல்லாம் அடிப்படை, கேட்பதற்கு முன்பே பார்த்திருக்க வேண்டும்.

ஈரநிலா:
விஎல்சி கடவுச்சொல்லைத் தனிப் பெட்டியில் கேட்கும். அங்கே @ அப்படியே செல்லும். அதனால்தான் கேட்டேன்.

மின்மினி:
கடவுச்சொல்லில் எழுத்தும் எண்ணும்தான். குரோம். கோடெக்கை எங்கே பார்ப்பது?

கம்பிவடம்:
விஎல்சியில் படம் ஓடும்போதே டூல்ஸ் மெனுவில் கோடெக் விவரத்தைத் திறங்கள். எச்இவிசி என்று இருந்தால் அது எச்.265தான். கேமராவின் அமைப்பில் எச்.264க்கு மாற்றுங்கள். அந்த வசதி இல்லையென்றால் துணை ஸ்ட்ரீமின் (அதே கேமரா தரும் குறைந்த தர வீடியோ) முகவரியைக் கொடுத்துப் பாருங்கள், பல கேமராக்களில் அது எச்.264ஆக இருக்கும்.

ஈரநிலா:
குரோம் 107இலிருந்து எச்.265 ஓடுமே?

பழையவாசி:
கணினியின் ஹார்ட்வேர் டிகோடர் (சுருக்கிய வீடியோவை விரிக்கும் சிப் பகுதி) ஒத்துழைத்தால்தான். பாதி விஷயத்தைச் சொல்லாதீர்கள்.

சுடர்வழி:
கோ2ஆர்டிசி என்ற ஸ்ட்ரீமிங் மென்பொருளைத் தனியாக நிறுவி, எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மாற்றி வழியாக எச்.264ஆக மாற்றிக்கொள்ளலாம். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

பழையவாசி:
ராஸ்பெர்ரி பை 5 என்ற சிறு கணினியில், எச்.264ஆகச் சுருக்கும் ஹார்ட்வேர் என்கோடரே கிடையாது. சுமை முழுவதும் சிபியு மேல் விழும். கேமராவிலேயே மாற்றுவதுதான் முறை.

சுடர்வழி:
அவரிடம் பை இருக்கிறது என்று யார் சொன்னது? என்னுடையது இன்டெல் மினி கணினி, உள்ளே இருக்கும் கிராபிக்ஸே அந்த வேலையைச் செய்கிறது.

பழையவாசி:
அவர்தான் எதையும் சொல்லவில்லையே. தெரியாத நிலையில் எல்லோருக்கும் பொருந்தும் வழியைத்தான் சொல்ல வேண்டும்.

மின்மினி:
எச்இவிசிதான். துணை ஸ்ட்ரீம் போட்டதும் ஓடுகிறது. எல்லோருக்கும் நன்றி.

கம்பிவடம்:
நல்லது. ஒலி வருகிறதா? எச்எல்எஸ்ஸில் வராவிட்டால் கேமராவில் ஒலியை ஏஏசி என்ற ஒலிக் கோடெக்குக்கு மாற்றுங்கள். அப்புறம், எந்தக் கணினி என்று கடைசிவரை சொல்லவே இல்லையே?