ஆர்கனிஸ்டும் கொயர் மாஸ்டரும் ஆண்டுதோறும் பயிற்சிக்குப் போகவேண்டும் என்று சபை கட்டாயப்படுத்தலாமா?

நடுஸ்வரம்:
எங்கள் சபைக் கமிட்டியில் ஒரு தீர்மானம் வருகிறது. ஆர்கன் வாசிப்பவரும் கொயர் மாஸ்டரும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது பயிற்சிப் பட்டறை ஒன்றுக்குப் போய்வந்து சான்றிதழ் காட்ட வேண்டும், கட்டணத்தைச் சபை ஏற்கும் என்பது அதன் சாரம். அடுத்த கூட்டத்தில் ஓட்டெடுப்பு.

நான் பதினோரு வருஷமாகக் கொயர் மாஸ்டர். தீர்மானத்தை ஆதரிக்கிறேன். எங்கள் ஆர்கனிஸ்ட் எதிர்க்கிறார். என்னைவிட மூத்தவர், நான் மதிக்கும் கலைஞர். அவரோடு மோத எனக்கு விருப்பமில்லை. ஆனால் பிரசங்கம் செய்கிறவருக்குத் தொடர்பயிற்சி உண்டு, ஞாயிறு பள்ளி ஆசிரியருக்கும் உண்டு. ஆராதனையில் பாதி நேரத்தைக் கையில் வைத்திருக்கும் எங்கள் இருவருக்கு மட்டும் எதுவும் வேண்டாமா? இதில் அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பழையபெடல்:
உங்கள் ஆர்கனிஸ்ட் பக்கம்தான் நான். 26 வருஷமாக ஒரே ஆலயத்தில் வாசிக்கிறேன்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். ஓர் அடக்க ஆராதனை. பெட்டி உள்ளே வந்துகொண்டிருக்கும்போது இறந்தவரின் மகள் என்னிடம் வந்து, "அம்மாவுக்குப் பிடித்த பாட்டு இதில்லை அங்கிள், வேறு பாட்டு" என்றாள். புத்தகத்தில் அந்தப் பாட்டு இருக்கும் சுருதியில் அழுது அடைத்த தொண்டையால் யாரும் மேல் ஸ்வரத்தைத் தொட முடியாது. மூன்று அரைச்சுரம் கீழே இறக்கி, ஒரே ஒரு மெல்லிய எட்டடி ஸ்டாப்பில் வாசித்தேன் (ஸ்டாப் என்பது ஒரு குழல் வரிசையைத் திறக்கும் இழுப்பான்; எட்டடி என்றால் விசையில் உள்ள அதே சுருதி). எல்லாரும் பாடினார்கள், அந்தப் பெண்ணும் பாடினாள். இதை எந்தப் பட்டறையும் எனக்குச் சொல்லித்தரவில்லை. ஞாயிறு தவறாமல் பெஞ்சில் உட்கார்ந்ததுதான் சொல்லித்தந்தது.

பட்டறைக்கும் போயிருக்கிறேன். இரண்டு நாளும் மூன்று மேனுவல் (கை விசைப்பலகை) இருக்கிற பெரிய ஆர்கனில் கச்சேரி உருப்படி ஒன்றையே பிரித்துப் பிரித்து வாசித்தார்கள். என்னிடம் இருப்பது இரண்டு மேனுவல், எட்டு ஸ்டாப். திங்கட்கிழமை திரும்பி வந்தபோது அடுத்த ஞாயிற்றுக்கு உதவுகிற ஒரு விஷயம்கூடக் கையில் இல்லை. சான்றிதழ் மட்டும் இருந்தது.

நாடோடி_ஆர்கன்:
அண்ணா, அடக்க ஆராதனையில் நீங்கள் செய்ததைப் படித்து மனசு நெகிழ்ந்துவிட்டது. ஆனால் அதையே எடுத்துக்கொள்வோம். சுருதி மாற்றி வாசிப்பதும் கண்ட மாத்திரத்தில் வாசிப்பதும் கொடுத்த மெட்டுக்கு உடனே இசைவு அமைப்பதும்தான் ஆர்கன் தேர்வுகளின் முதுகெலும்பு. லண்டனில் 1864ல் தொடங்கிய ராயல் காலேஜ் ஆஃப் ஆர்கனிஸ்ட்ஸ், அமெரிக்காவில் 1896ல் தொடங்கிய ஆர்கனிஸ்ட்கள் கில்டு, இரண்டுமே உருப்படிகளை வாசித்துக் காட்டியதோடு ஆளை விட்டுவிடுவதில்லை. கில்டில் ஆராதனை வாசிப்புக்கென்றே தனியாக ஒரு சான்றிதழ் இருக்கிறது. பாமாலைக்கு வாசிப்பதும் பாடகர் குழுவுக்குத் துணை வாசிப்பதும்தான் அதில் முக்கியம்.

நீங்கள் 26 வருஷத்தில் தானாகக் கற்றதை, ஒரு இருபது வயசுப் பிள்ளை இரண்டு வருஷத்தில் முறையாகக் கற்கலாம். அந்தப் பிள்ளையும் 26 வருஷம் காத்திருக்க வேண்டுமா?

என் கதை வேறு. நான் பியானோவிலிருந்து வந்தவன். ஆர்கனில் சஸ்டெயின் பெடல் கிடையாது, விரலை எடுத்தால் ஒலி அங்கேயே அறுந்துவிடும். இது தெரியாமலே ஆறு வருஷம் ஞாயிறு தோறும் வாசித்தேன், கால்பெடலில் இடது கை வாசிப்பதையே திருப்பி மிதித்துக்கொண்டு. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. தேர்வுக்குத் தயாரானபோதுதான் ஆசிரியர் பக்கத்தில் நின்று, "விசையை விடாமலே விரலை மாற்று" என்று ஒரு வாரம் முழுக்க ஒரே வரியை வாசிக்க வைத்தார். அந்த ஆறு வருஷம் எனக்கு அனுபவம் ஆகவில்லை. ஒரே தப்பை முன்னூறு தடவை செய்திருக்கிறேன், அவ்வளவுதான்.

பழையபெடல்:
தம்பி, நல்ல பதில். ஆனால் உங்களைத் திருத்தியது உங்கள் பக்கத்தில் நின்ற ஒரு ஆள். சான்றிதழா திருத்தியது?

இரண்டாம்_ஆல்ட்டோ:
நான் வாசிப்பவளும் இல்லை, நடத்துபவளும் இல்லை. கொயரில் பாடுகிறவள். இந்த விவாதத்தில் பாடுகிறவர்கள் பக்கமும் ஒருவர் பேச வேண்டும் என்று வருகிறேன்.

எங்கள் ஆலயத்தில் ஐந்து சரணப் பாட்டு என்றால் ஐந்தாவது சரணம் முதலாவதைவிட வெளிப்படையாகவே மெதுவாக இருக்கும். ஆர்கனிஸ்ட், "சபை இழுக்கிறது" என்பார். சபை, "ஆர்கன் இழுக்கிறது" என்னும். கொயர் மாஸ்டர் கையை இன்னும் பெரிதாக வீசுவார். பல வருஷமாக இதே கதை. சரணங்களுக்கு நடுவே மூச்சுவிட எவ்வளவு இடம் என்பதும் வாராவாரம் மாறும். நாங்கள் வாயைத் திறந்து நிற்போம், ஆர்கன் வந்திருக்காது. அடுத்த வாரம் நாங்கள் மூச்சு எடுக்குமுன் அது போய்விட்டிருக்கும்.

மூன்று பேரும் நல்லவர்கள், மூன்று பேருக்கும் அனுபவம் இருக்கிறது. பிறகு ஏன் சரியாகவில்லை?

நாடோடி_ஆர்கன்:
அக்கா, இதற்குக் கணக்கே இருக்கிறது. ஒலி ஒரு விநாடியில் சுமார் 343 மீட்டர் போகும். ஆர்கன் மாடத்தில், சபை 30 மீட்டர் தள்ளி என்று வையுங்கள். ஆர்கன் ஒலி சபைக்குப் போக ஏறத்தாழ 0.09 விநாடி, சபையின் பாட்டு திரும்பி வர இன்னொரு 0.09. நிமிஷத்துக்கு 100 தட்டு வேகம் என்றால் ஒரு தட்டு 0.6 விநாடி. அதாவது சபை துல்லியமாகப் பாடினாலும், வாசிப்பவர் காதுக்கு அது கால் தட்டுக்கும் மேலாகப் பிந்தித்தான் வரும். "சரி, அவர்களுக்காகக் காத்திருப்போம்" என்று அவர் கொஞ்சம் தாமதித்தால், சபை அதற்கேற்ப இன்னும் தாமதிக்கும். ஐந்து சரணத்தில் பாட்டு தேய்ந்துவிடும்.

காதை நம்பாமல் உள்ளே ஓடும் தாளத்தை நம்பி வாசிக்க வேண்டும். மூச்சு இடைவெளியை எத்தனை தட்டு என்று முடிவுசெய்து, எல்லாச் சரணத்துக்கும் அதையே வைக்க வேண்டும். இதை எனக்கு ஒருவர் பத்து நிமிஷத்தில் சொல்லித்தந்தார். சொல்லாவிட்டால் ஆயுசுக்கும் சபையைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்திருப்பேன்.

பழையபெடல்:
இந்தக் கணக்கு எனக்குத் தெரியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் காத்திருக்கக் கூடாது என்பது தெரியும். முதல் வருஷமே பட்டுத் தெரிந்துகொண்டது.

நடுஸ்வரம்:
எல்லாருக்கும் நன்றி. பழையபெடல் ஐயா, பயிற்சி வேண்டாம் என்பதற்குப் பெரிய கலைஞர்கள் யாரும் சாட்சி சொல்ல மாட்டார்கள். ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் 1705ல் ஆர்ன்ஸ்டாட் ஆலயத்தில் ஆர்கனிஸ்ட். இருபது வயசு. மூத்த ஆர்கனிஸ்ட் புக்ஸ்டஹூட வாசிப்பதைக் கேட்க லூபெக்குக்குப் போனார், 400 கிலோமீட்டருக்கு மேல், நடந்து. அந்த வயசிலேயே அவர் எப்பேர்ப்பட்ட வாசிப்பாளர்! அவருக்கே இன்னொருவரிடம் போய்க் கேட்கவேண்டும் என்று தோன்றியதே.

பழையபெடல்:
அம்மா, அந்தக் கதையை முழுசாகச் சொல்ல வேண்டும். பாக் கேட்டது நாலு வார விடுப்பு. திரும்பியது சுமார் நாலு மாசம் கழித்து. 1706 பிப்ரவரியில் சபை நிர்வாகம் கூப்பிட்டு விசாரித்தது. பாமாலை மெட்டுகளில் விநோதமான மாற்றங்களையும் அந்நிய ஸ்வரங்களையும் கலக்கிறீர்கள், சபை குழம்பிப்போகிறது என்பது அவர்கள் புகாரில் ஒன்று. முன்னிசையை நீளமாக வாசித்தார், குறைக்கச் சொன்னதும் ரொம்பக் குட்டையாக்கிவிட்டார் என்பது இன்னொன்று. மாணவர்களை வைத்துப் பாடகர் குழு இசை செய்வதில்லை என்ற புகாரும் உண்டு.

பாக் மேதை. அவர் போனதால் உலகத்துக்கு லாபம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த ஞாயிறுகளில் பெஞ்சில் உட்கார்ந்து பாட முயன்றவர்களுக்கு? தான் வளர்வதும் சபை நன்றாகப் பாடுவதும் ஒன்றல்ல. பட்டறைகள் முதலாவதைத்தான் கவனிக்கின்றன. என் கவலை இரண்டாவதைப் பற்றியது.

இன்னொன்று. தன் இடத்தில் ஒருவரை ஏற்பாடு செய்துவிட்டுத்தான் பாக் போனார். உங்கள் தீர்மானத்தில் பதிலாள் பற்றி ஒரு வரி இருக்கிறதா? நான் ஒரு வார இறுதி போய்விட்டால் எங்கள் ஆலயத்தில் வாசிக்க ஆளே இல்லை.

சபைக்கணக்கு:
நான் ஒரு சபையில் பொருளாளர். இப்படி ஒரு தீர்மானத்தை நாங்கள் நிறைவேற்றி மூன்று வருஷம் ஆகிறது. பதிலாளுக்கு ஆகும் தொகையையும் சேர்த்தே ஒதுக்குகிறோம். அதைச் சேர்க்காவிட்டால் தீர்மானம் காகிதத்தோடு நின்றுவிடும், இதில் ஐயா சொல்வது சரி. சான்றிதழ் கேட்பது யாரையும் சந்தேகித்து அல்ல. காணிக்கைப் பணத்துக்கு நான் கணக்கு எழுதியாக வேண்டும், ரசீது மாதிரி ஒரு தாள் வேண்டும். கட்டாயம் என்ற வார்த்தை இல்லாமல் விட்டிருந்தால், எங்கள் ஆர்கனிஸ்ட் தனக்கென்று கேட்டிருக்கவே மாட்டார். பத்து வருஷம் அவர் ஒன்றும் கேட்டதில்லை. கட்டாயம் என்று எழுதியது அவருக்கு உரிமை கொடுத்ததாகத்தான் முடிந்தது.

நடுஸ்வரம்:
சபைக்கணக்கு ஐயா சொன்ன கடைசி வரியைத்தான் நான் சொல்ல வந்து சொல்லத் தெரியாமல் இருந்தேன்.

இரண்டாம்_ஆல்ட்டோ அக்கா கேட்டதற்கு என் பதில். போன வருஷம் சொந்தச் செலவில் ஒரு பட்டறைக்குப் போனேன். எங்கள் கொயர் துணை இசை இல்லாமல் பாடினால் கடைசியில் அரைச்சுரம் இறங்கியிருக்கும். குரல்தான் காரணம், இன்னும் பயிற்சி வேண்டும் என்று நினைத்துப் போனேன். நடத்தியவர் குரலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "அடுத்த பயிற்சியின்போது போனை உங்களைப் பார்த்து வையுங்கள், நாலு நிமிஷம் பதிவு செய்யுங்கள், பிறகு ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள்" என்றார்.

பார்த்தேன். ஒவ்வொரு நுழைவுக்கும் என் தோள் மேலே ஏறுகிறது. உச்ச ஸ்வரம் வந்தால் தாடையைத் தூக்குகிறேன். சொப்ரானோ வரிகளை வாயசைத்துக்கொண்டே இருக்கிறேன். நாலு நிமிஷத்தில் டெனர் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. நான் எப்படி மூச்சு எடுக்கிறேனோ அப்படித்தான் அவர்களும் எடுக்கிறார்கள். நான் தோளால் எடுத்தேன், முப்பது பேரும் தோளால் எடுத்தார்கள். சுருதி எங்கே நிற்கும்?

பதினோரு வருஷம் அந்த இடத்தில் நின்றிருக்கிறேன். என்னை நான் பார்த்ததே இல்லை.

பழையபெடல்:
இதைப் படித்துவிட்டு நேற்று முழுக்க யோசித்தேன்.

26 வருஷத்தில் என் ஆலயத்தின் பின்வரிசையில் உட்கார்ந்து என் ஆர்கனை நான் கேட்டதில்லை. நான் எழுந்தால் வாசிப்பது யார்? நீங்கள் எழுதியது உறுத்துகிறது.

ஆனாலும் என் எதிர்ப்பு மாறவில்லை. பாருங்கள், உங்களுக்கு உதவியது எங்கே நடந்தது? உங்கள் ஆலயத்தில், உங்கள் கொயர் முன்னால். தம்பிக்கு உதவியது பக்கத்தில் நின்ற ஆசிரியர். பட்டறை ஒரு வழி காட்டியது, சரி. வேலை நடந்தது வீட்டில். அப்படியானால் தீர்மானம் ஏன் எங்களை வெளியே அனுப்புகிறது? ஆளை உள்ளே வரவழைக்கட்டும். சிட்னி நிக்கல்சன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் ஆர்கனிஸ்ட். ஆலய இசைப் பயிற்சிக்கென்று 1927ல் ஓர் அமைப்பைத் தொடங்கினார், இன்றைய ராயல் ஸ்கூல் ஆஃப் சர்ச் மியூசிக் (ஆர்.எஸ்.சி.எம்.). அதற்காக அந்தப் பெரிய பதவியையே விட்டுவிட்டு, ஊர் ஊராகப் போய்ப் பாடகர் குழுக்களைச் சந்தித்தார். அந்தத் திசை எனக்குப் பிடித்திருக்கிறது. ஒருவர் வந்து ஒரு ஞாயிறு பின்வரிசையில் உட்காரட்டும், மறுநாள் என்னோடு பெஞ்சில் உட்கார்ந்து பேசட்டும். அவர் சொல்வது கசந்தாலும் கேட்பேன்.

நாடோடி_ஆர்கன்:
அண்ணா, ஒரே ஒரு மறுப்பு. வந்து பார்ப்பவர் உங்களிடம் இருப்பதைத்தான் திருத்துவார். உங்களிடம் இல்லாததை அவர் எப்படிக் கொண்டுவருவார்? வேறு ஆர்கன், வேறு சபை, வேறு வாசிப்பு, இதையெல்லாம் போய்த்தான் கேட்க வேண்டும். எட்டு ஸ்டாப்பில் என்னென்ன நிறம் எடுக்கலாம் என்று நான் தெரிந்துகொண்டது, ஆறே ஸ்டாப் உள்ள ஒரு சின்ன ஆர்கனில் ஒரு அம்மா வாசித்ததைக் கேட்டபோது. ஒரு எட்டுச்சுரம் மேலே ஒலிக்கும் நாலடிக் குழலைத் தனியாக இழுத்து, ஒரு எட்டுச்சுரம் கீழே வாசித்தார். என் ஆர்கனிலும் அந்த நாலடி ஸ்டாப் இருந்தது. தனியாக இழுக்கலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

பழையபெடல்:
நாலடியை ஒரு எட்டுச்சுரம் கீழேயா? வெள்ளிக்கிழமை பயிற்சியில் போட்டுப் பார்க்கிறேன்.

நடுஸ்வரம்:
கமிட்டிக்கு இப்படித் திருத்தம் எழுதியிருக்கிறேன். வருஷத்துக்கு ஒரு தடவை, வெளியே போவதா ஒருவரை வரவழைப்பதா என்பதை வாசிப்பவரும் நடத்துபவரும் முடிவுசெய்வார்கள். பதிலாளுக்கான செலவும் இதில் சேரும். சான்றிதழுக்குப் பதிலாக, என்ன கேட்டோம், என்ன மாற்றப்போகிறோம் என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுப்போம். கட்டாயம் என்ற வார்த்தையை எடுக்கவில்லை.

எங்கள் ஆர்கனிஸ்டிடம் நேற்றுக் காட்டினேன். கடைசி வரியைப் படித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு, "வரவழைப்பது என்றால், அவர் உட்காரும் அன்றைக்கு நான் வாசிக்கவேண்டிய பாட்டை நீ தேர்ந்தெடுக்காதே, நானே தேர்ந்தெடுக்கிறேன்" என்றார்.

சபைக்கணக்கு:
ஒரு பக்க அறிக்கையை நான் ஏற்பேன். தேதியும் கையெழுத்தும் மட்டும் இருக்கட்டும்.