450 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் ஆர்டிஎக்ஸ் 3060 ஓடுமா? 8 பின் ஒயரே இல்லை

நீலத்திரை:

வணக்கம். கேபினெட்டோடு வந்த 450 வாட் எஸ்எம்பிஎஸ்தான் (சிஸ்டத்துக்கு கரன்ட் கொடுக்கும் பெட்டி) இப்போது சிஸ்டத்தில் இருக்கிறது. புராசசர் ஐ5-12400எஃப், பி660 மதர்போர்டு, 16 ஜிபி ரேம், ஒரு என்விஎம்இ எஸ்எஸ்டி, 3.5 அங்குல ஹார்ட் டிஸ்க் ஒன்று, மூன்று ஃபேன். இதுவரை ஒரு பழைய ஜிடி 710 கார்டு. இப்போது ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி வாங்கியாச்சு. அதில் ஒரு 8 பின் பவர் சாக்கெட் இருக்கிறது, எஸ்எம்பிஎஸ்ஸில் அதற்கான ஒயர் இல்லை. கார்டு வாங்கிய கடையில் இரண்டு மோலெக்ஸை (டிஸ்க்குக்கான பழைய வகை 4 பின் கனெக்டர்) 8 பின்னாக மாற்றும் கன்வர்ட்டர் ஒன்று கொடுத்து, "450 வாட் தாராளம் சார், மாட்டுங்க" என்றார்கள்.

எஸ்எம்பிஎஸ் லேபிளில் இருப்பது: +3.3வி 20 ஆம்பியர், +5வி 20 ஆம்பியர், +12வி 18 ஆம்பியர். மதர்போர்டில் சிபியு பவர் 8 பின், ஆனால் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வருவது 4 பின்தான். அப்படியே மாட்டி ஓடிக்கொண்டிருக்கிறது.

கன்வர்ட்டர் போட்டு ஓட்டலாமா? புதுசு வாங்கத்தான் வேண்டுமென்றால் எத்தனை வாட்? நானே மாட்டிவிட முடியுமா?

—

ஓம்ஸ்விதி:

கன்வர்ட்டரைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

நீங்கள் போட்ட லேபிளிலேயே பதில் இருக்கிறது. கிராபிக்ஸ் கார்டும் புராசசரும் எடுப்பது கிட்டத்தட்ட முழுக்க 12 வோல்ட்டிலிருந்துதான். 18 ஆம்பியரை 12 வோல்ட்டால் பெருக்கினால் 216 வாட். உங்கள் எஸ்எம்பிஎஸ்ஸின் நிஜ பலம் அவ்வளவுதான். 3.3 வோல்ட்டில் 66, 5 வோல்ட்டில் 100 என்று எல்லாவற்றையும் சேர்த்தாலும் 382 வருகிறதே தவிர 450 வரவில்லை. பெட்டியில் எழுதிய எண்ணுக்கும் லேபிளுக்கும் பொருந்தாத சரக்கு, அந்த 216-ஐயாவது தொடர்ந்து தருமா என்பதும் சந்தேகம்.

இப்போது தேவையைப் பாருங்கள். 12400எஃப்-க்கு 65 வாட் என்று போட்டிருந்தாலும் டர்போவில் 117 வாட் வரை போக இன்டெலே அனுமதிக்கிறது. 3060-க்கு 170 வாட். இரண்டும் சேர்ந்தே 287 வாட், அதாவது 12 வோல்ட்டில் 24 ஆம்பியர். போர்டு, ரேம், டிஸ்க், ஃபேனுக்கு இன்னும் ஒரு 50 வாட் வையுங்கள். கேம் ஆடும்போது புராசசர் முழு 117-ஐ எடுக்காதுதான், ஆனாலும் 18 ஆம்பியருக்குள் இது அடங்காது.

கன்வர்ட்டர் சங்கதி தனி. 3060 எடுக்கும் 170 வாட்டில் மதர்போர்டு ஸ்லாட் வழியாக 12 வோல்ட்டில் அதிகபட்சம் 66 வாட்தான் வர முடியும். மிச்சம் 100 வாட்டுக்கு மேல் அந்த 8 பின் வழியாகத்தான் போயாகணும். கேபினெட்டோடு வரும் எஸ்எம்பிஎஸ்களில் இரண்டு மோலெக்ஸும் பெரும்பாலும் ஒரே ஒயரில் கோர்த்திருக்கும். ஆக ஒரே ஒரு மஞ்சள் ஒயரில் 9 ஆம்பியர் போல ஓடும். அந்த மஞ்சள் ஒயரின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள்: 18 ஏடபிள்யூஜி (ஒயர் தடிமனுக்கான எண்) என்றால் பரவாயில்லை, 20, 22 என்றால் எண் கூடக் கூட ஒயர் மெலிசு. முதலில் உருகுவது ஒயர்கூட இல்லை, மோலெக்ஸ் பின் தளர்ந்து உட்காரும் இடம். சாட்டாவிலிருந்து (இப்போதைய டிஸ்க்குகளுக்கான தட்டையான கனெக்டர்) 8 பின்னுக்கு மாற்றும் கன்வர்ட்டர் இன்னும் மோசம். சாட்டா கனெக்டரின் 12 வோல்ட் கொள்ளளவே 4.5 ஆம்பியர், 54 வாட்.

வாங்க வேண்டியது 550 வாட். 3060-க்கு என்விடியா சொல்வதும் அதுதான். 650-க்கு விலை வித்தியாசம் கொஞ்சம்தான் என்றால் 650 எடுங்கள், அடுத்த கார்டுக்கும் உதவும். பெரிய வாட் வாங்கினால் கரன்ட் பில் ஏறும் என்று பயப்பட வேண்டாம், சிஸ்டம் கேட்பதைத்தான் அது கொடுக்கும்.

பார்க்க வேண்டியவை: லேபிளில் +12வி எதிரே 40 ஆம்பியருக்கு மேல் இருக்கணும். 12வி1, 12வி2 என்று இரண்டாகப் போட்டிருந்தால் இரண்டையும் கூட்டாதீர்கள். கீழே இரண்டுக்கும் சேர்த்து வாட் கொடுத்திருப்பார்கள், அதைப் பாருங்கள். சிபியு ஒயர் 4+4 பின்னாகவும், பிசிஐஇ ஒயர் (கிராபிக்ஸ் கார்டுக்கானது) 6+2 பின்னாகவும் நேரடியாக வரணும். 80 பிளஸ் பிரான்ஸ் போதும். ஆனால் அது மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதற்கான முத்திரை மட்டுமே, உள்ளே பாதுகாப்பு சர்க்யூட் இருக்கிறதா என்பதற்கு அது சாட்சியில்லை. அதற்கு ஓவர் கரன்ட், ஓவர் வோல்டேஜ், ஓவர் டெம்பரேச்சர், ஷார்ட் சர்க்யூட் பாதுகாப்பு நான்கும் இருப்பதாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். 5 வருட வாரண்டி கொடுக்கிற மாடல்களில் பொதுவாக ஏமாற மாட்டீர்கள்.

—

திருகாணி:

மேலே சொன்னதோடு இரண்டு அளவு. எஸ்எம்பிஎஸ் கீழே உட்காரும் கேபினெட் என்றால் சிபியு ஒயர் பின்பக்கமாகச் சுற்றி மேல் மூலைக்குப் போகணும், 60 செ.மீ. நீளமாவது வேண்டும். வாங்கும் முன் ஸ்பெசிஃபிகேஷனில் பார்த்துவிடுங்கள். ஏடிஎக்ஸ், அதாவது வழக்கமான எஸ்எம்பிஎஸ் அளவு 150 மி.மீ. அகலம், 86 மி.மீ. உயரம், ஆழம் மட்டும் மாடலுக்கு மாடல் மாறும், 140-லிருந்து 160, 180 வரை. முன்னால் ஹார்ட் டிஸ்க் கூடு இருந்தால் ஒயர் மடங்க இன்னும் ஒரு கை இடம் விடணும்.

மாட்டுவது தாராளமாக வீட்டிலேயே செய்யலாம். சுவர் சுவிட்ச் ஆஃப், பிளக்கைப் பிடுங்கி, கேபினெட் பவர் பட்டனை ஒருமுறை அழுத்துங்கள், மிச்சமிருக்கும் சார்ஜ் கொஞ்சம் இறங்கும். பழைய எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் திறக்காதீர்கள், உள்ளே பெரிய கப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும்.

கேபினெட்டின் அடியில் காற்று ஓட்டை இருந்தால் ஃபேன் கீழ்நோக்கி, இல்லாவிட்டால் மேல்நோக்கி. 24 பின்னை அழுத்தும்போது போர்டு வளையும், மறு கையால் பின்பக்கம் தாங்கிக்கொண்டு கிளிப் 'டக்'கென்று விழும்வரை அழுத்துங்கள்.

பலர் கோட்டை விடுவது சிபியு 8 பின்னுக்கும் பிசிஐஇ 8 பின்னுக்கும் நடுவில். பார்க்க ஒன்றுபோல இருக்கும், உள்ளே ஒயர் வரிசை நேர் எதிர். சிபியு கனெக்டரில் கிளிப் இருக்கும் பக்கம் 12 வோல்ட், பிசிஐஇ-யில் கிளிப் பக்கம் கிரவுண்ட். அடையாளம் எளிது: நடுவில் சமமாக 4, 4 என்று பிரிந்தால் சிபியு, 6, 2 என்று பிரிந்தால் கார்டு. பின்களின் வடிவம் வேறு என்பதால் தானாக நுழையாது, பலவந்தமாகத் திணித்தால்தான் வினை. உங்கள் போர்டில் 4+4 இரண்டையும் மாட்டுங்கள். 4 பின்னில் ஓடுகிறதே என்று விட்டுவைத்தால் இரண்டே இரண்டு பின் முழுச் சுமையையும் தாங்கி, அந்த இடம் சூடேறும்.

மானிட்டர் ஒயரை கார்டில் மாட்டுங்கள். 12400எஃப்-க்கு உள்கிராபிக்ஸ் கிடையாது, மதர்போர்டு எச்டிஎம்ஐ-யில் ஒன்றும் தெரியாது.

—

நீலத்திரை:

நன்றி இருவருக்கும். 550 வாட் பிரான்ஸ், செமி மாடுலர் (சில ஒயர்களைக் கழற்றி மாட்டும் வகை) வாங்கி மாட்டினேன். ஆன் செய்தால் ஃபேன் அரை நொடி சுற்றி நின்றுவிடுகிறது. மறுபடி பட்டனை அழுத்தினால் எதுவுமே இல்லை. பவர் ஒயரைப் பிடுங்கி ஒரு நிமிடம் கழித்துப் போட்டால் மறுபடி அதே அரை நொடி. கூட வந்த சாட்டா ஒயர் ஹார்ட் டிஸ்க்குக்கு எட்டவில்லை, அதனால் நண்பரின் வேறு கம்பெனி எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து ஒரு சாட்டா ஒயர் எடுத்துப் போட்டிருக்கிறேன். அச்சாக அதே சாக்கெட், சரியாக உட்கார்ந்தது.

—

திருகாணி:

அந்த ஒயரை உடனே கழற்றுங்கள். கழற்றும்வரை ஆன் செய்யாதீர்கள்.

மாடுலர் ஒயரில் டிஸ்க் பக்கம் மட்டும்தான் எல்லாக் கம்பெனிக்கும் பொது. எஸ்எம்பிஎஸ் பக்கம் எந்தப் பின்னில் 12, எதில் 5, எதில் கிரவுண்ட் என்பதை அவரவர் இஷ்டப்படி வைத்திருக்கிறார்கள். ஒரே கம்பெனியின் இரண்டு வரிசைகளுக்குள்ளேயே மாறுவதுண்டு. சாக்கெட்டில் உட்காருவதை வைத்துப் பொருத்தம் முடிவு செய்ய முடியாது. உங்கள் விஷயத்தில் 12 வோல்ட்டோ 5 வோல்ட்டோ நேராக கிரவுண்டில் போய் முட்டியிருக்கலாம், அல்லது டிஸ்க்கின் 5 வோல்ட் பின்னுக்கு 12 போயிருக்கலாம். ஷார்ட் என்று பார்த்ததும் எஸ்எம்பிஎஸ் தன்னை அடைத்துக்கொள்கிறது. அரை நொடியில் நின்றது அதன் பாதுகாப்பு வேலை செய்ததால்தான். பழைய எஸ்எம்பிஎஸ்ஸாக இருந்தால் புகை வந்திருக்கும்.

டிஸ்க்கைத் தனியாக வைத்துவிட்டு 24 பின், சிபியு, கார்டு மூன்றை மட்டும் மாட்டி ஆன் செய்யுங்கள். ஓடினால் எஸ்எம்பிஎஸ் நலம். அப்போதும் அரை நொடியில் நின்றால் கார்டையும் கழற்றிப் பாருங்கள். அதற்கும் அடங்காவிட்டால் மதர்போர்டுக்கு அடியில் தப்பான இடத்தில் நிற்கும் பித்தளை ஸ்டாண்ட் ஆஃப் (போர்டைத் தாங்கும் குட்டிக் கால்), உள்ளே விழுந்த ஸ்குரூ இவற்றைத் தேடுங்கள்.

—

நீலத்திரை:

டிஸ்க் இல்லாமல் சிஸ்டம் ஓடுகிறது, கார்டும் தெரிகிறது. ஆனால் பெட்டியில் வந்த சொந்த ஒயரில் டிஸ்க்கை இழுத்து மாட்டினால் மறுபடி நின்றுவிடுகிறது. டிஸ்க் போச்சா? அதில் குடும்ப போட்டோ எல்லாம் இருக்கிறது.

—

ஓம்ஸ்விதி:

டேட்டா போயிருக்க வாய்ப்பு குறைவு. 3.5 அங்குல டிஸ்க்குகள் பலவற்றில் பவர் நுழையும் இடத்தில் 5 வோல்ட்டுக்கு ஒன்று, 12 வோல்ட்டுக்கு ஒன்று என டிவிஎஸ் டயோடு வைத்திருப்பார்கள். அளவுக்கு மேல் வோல்டேஜ் வந்தால் அது தான் ஷார்ட்டாகி மற்றதைக் காப்பாற்றும். இப்போது சொந்த ஒயரிலும் எஸ்எம்பிஎஸ் அடைத்துக்கொள்வது அந்த டயோடு ஷார்ட்டாகி நிற்பதைத்தான் காட்டுகிறது. டிஸ்க் போர்டு வேலை தெரிந்தவரிடம் கொண்டுபோய் "டிவிஎஸ் டயோடு ஷார்ட்டா பாருங்க" என்று சொல்லுங்கள். அதை எடுத்துவிட்டால் டிஸ்க் பெரும்பாலும் சுற்றும். பாதுகாப்பு இல்லாமல் ஓடுவதால் முதல் வேலையாக எல்லாவற்றையும் வேறு டிஸ்க்குக்கு காப்பி எடுத்துக்கொள்ளணும். இணையத்தில் பார்த்து அதே மாடல் பச்சை போர்டு வாங்கி மாற்றிப் போடுவதைச் செய்யாதீர்கள். அந்த டிஸ்க்குக்கென்றே உள்ள அளவுகள் பழைய போர்டின் சிப்பில் இருக்கும்.

ஒயர் எட்டாததற்கு, சாட்டாவிலிருந்து சாட்டாவுக்கு நீட்டும் எக்ஸ்டென்ஷன் ஒயர் கிடைக்கும். அது டிஸ்க் பக்கத்தில் மாட்டுவது, ஒரு டிஸ்க்குக்கு பயப்பட வேண்டாம். பிளாஸ்டிக்கை மொத்தமாக வார்த்து மூடிய வகை வேண்டாம், ஒவ்வொரு ஒயரும் தனியாகக் குத்தி இறங்குவது தெரியும் வகையாக எடுங்கள்.

—

மூன்றாம்பின்:

யுபிஎஸ் பற்றி யாரும் கேட்கவில்லை. 600 விஏ என்று விற்பவை பெரும்பாலும் 360 வாட்தான். இந்த சிஸ்டம் கேம் ஆடும்போது உள்ளே 290 வாட் எடுத்தால், 85 சதவீதத் திறனில் பிளக்கில் 340 வாட். மானிட்டரோடு 360-ஐத் தொட்டுவிடும். கரன்ட் போன நொடியில் யுபிஎஸ் கத்திவிட்டு அணையும், நீங்கள் புது எஸ்எம்பிஎஸ்ஸைச் சந்தேகப்படுவீர்கள். 600 வாட் தரும் 1 கேவிஏ பாருங்கள்.

கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்று இழுத்தால் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றி ஓடாதீர்கள். உள்ளே வடிகட்டிக் கப்பாசிட்டர் இரண்டும் எர்த்தில் சேர்கின்றன. பிளக் பாயின்ட்டில் எர்த் இல்லையென்றால் பாதி மெயின்ஸ், 115 வோல்ட் போல, கேபினெட் தகட்டில் வந்து நிற்கும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு லைனுக்கும் எர்த்துக்கும் நடுவில் அளக்கச் சொல்லுங்கள், 230 பக்கம் வரணும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் சில வோல்ட்டுக்கு மேல் இருக்கக்கூடாது.

கடைசியாக கேமை ஓடவிட்டு, சும்மா தொங்கும் மோலெக்ஸில் 12 வோல்ட் முனைக்கும் நடுவில் உள்ள கிரவுண்டுக்கும் மல்டிமீட்டர் வையுங்கள். மாடுலர் ஒயர் முழுக்கக் கறுப்பாக இருக்கும், ஓரத்து இரண்டில் எதில் 12 காட்டுகிறதோ அது. 11.4-க்குக் கீழே இறங்கினால் வாரண்டியில் மாற்றுங்கள். சாஃப்ட்வேர் காட்டும் 12 வோல்ட் கணக்கை வைத்து முடிவெடுக்க வேண்டாம், பல போர்டுகளில் அது தப்பாகவே காட்டும்.