கிணற்றுப் பம்பு வீடு: எது தாங்கும், எது தாங்காது?

கித்தாக்காட்டுக்காரன்:
மலேசியாவில், பேராக் சுங்கை சிப்புட்டில் தாத்தா காலத்துக் கிணறு, இன்னும் ஊறுகிறது. பைப்புத் தண்ணீர் நிற்கும் நாளில் அதுதான் கதி. மோட்டார் கொட்டகை சாய்ந்துவிட்டது, புதிதாகக் கட்ட வேண்டும். மறுநடவுக்குச் சாய்த்த கித்தா மரம், அதாவது ரப்பர் மரம், சும்மா கிடைக்கிறது. பலகை அறுத்துப் போடலாமா? கட்டியவர்கள் சொல்லுங்கள்.

லயத்து ஆசாரி:
தம்பி, கித்தா மரம் கிணற்றோரத்துக்கு ஆகாது. மாவுச்சத்து அதிகமான மரம். அறுத்துப் போட்ட கொஞ்ச நாளிலேயே நீலப் பூஞ்சை பூக்கும், பின்னாலேயே வண்டு துளைக்கும். மூவாரில் இதே மரத்தில்தானே மேசை நாற்காலி செய்து கப்பலேற்றுகிறார்கள் என்பாய். அது போரான் மருந்து ஏற்றிச் சூளையில் காயவைத்த மரம், வீட்டுக்குள் கிடக்கும். மழை பட்டால் அந்தப் போரான் கரைந்து போய்விடும்.

பழைய பம்பு வீடுகளைப் பிரித்திருக்கிறேன். கூரை அநேகமாக நன்றாகவே இருக்கும். கதவு நிலையின் அடிக்கால்தான் கட்டை விரலால் அமுக்கினாலே உள்ளே போகும். சுரண்டிப் பார்த்தால் கரையான் மண்கோடு தரையிலிருந்து நேராக ஏறியிருக்கும். செங்கால் என்கிற கடின மரத்தில் நிலை போட்டவர்கள் தப்பித்தார்கள், ஆனால் இன்றைக்கு அது விற்கிற விலைக்குப் பம்பு வீட்டுக்கா வாங்குவாய்? அதனால் தரையை அரை அடி உயர்த்திக் காங்கிரீட் போடு. சுவரின் அடி வரிசை மேல் ஈரத்தடுப்புத் தாளை விரித்துவிட்டுக் கல் அடுக்கு. நிலைக்கால் மண்ணைத் தொடவே கூடாது.

மருந்து ஏற்றிப் பச்சை நிறமான மரம் கடையில் கிடைக்கும். செம்பு, குரோமியம், ஆர்சனிக் கலந்த வகையென்றால் குடிக்கிற கிணற்றுப் பக்கம் வேண்டவே வேண்டாம்.

செம்பனைக்காட்டு அக்கா:
அண்ணன் சுவரைச் சொல்லிவிட்டார், கூரையை நான் சொல்கிறேன். எங்கள் கொட்டகையை நாலு பக்கமும் இறுக்க அடைத்துக் கட்டியிருந்தார்கள். விடிகாலையில் தகரத்தின் அடிப்பக்கம் வியர்த்து, சொட்டுச் சொட்டாக மோட்டார் தலையிலேயே விழும். எதிரெதிர்ச் சுவரில் ஓட்டைக் கல் வைத்துக் கொசு வலை அடித்த பிறகுதான் நின்றது.

இன்னொன்று, பூச்சு வேலை முடிந்த பிறகு கூரை போடுங்கள். அலுமினியமும் துத்தநாகமும் கலந்த தகடுதான் இப்போது எங்கும் விற்கிறது. ஈரச் சிமெண்டு தெறித்துக் காய்ந்தால் அதன் காரம் மேல்பூச்சைத் தின்றுவிடும். எங்கள் கூரையில் வெள்ளை வெள்ளையாக நிற்கிறது, கட்டியவர் மழையைக் குறை சொல்லிவிட்டுப் போய்விட்டார். கீல், தாழ்ப்பாளெல்லாம் துருப்பிடிக்காத எஃகில் வாங்குங்கள், சாதா இரும்பு அந்த ஈரத்துக்கு நிற்காது.

கித்தாக்காட்டுக்காரன்:
நன்றிக்கா. அண்ணே, கித்தா விறகுக்குப் போகட்டும். சுவருக்குச் செங்கல்லா, சிமெண்டுக் கல்லா?

லயத்து ஆசாரி:
எது மலிவோ அது. இரண்டு பக்கமும் பூசிவிடு, போதும். கிணற்றுக்கு நேர் மேலே ஒரு தகடு மட்டும் கழற்றுகிற மாதிரி இருக்கட்டும், பைப்பை மேலே இழுக்கிற நாளில் கூரையைப் பிரிக்க வேண்டி வராது.