அறுவை சிகிச்சைக்கு முன் மருத்துவரிடம் எவற்றையெல்லாம் கேட்டீர்கள்?

தோழமைகளுக்கு வணக்கம். யோனி அமைக்கும் அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்கப்பட்டுள்ள திருநங்கை நான். 2022இல் வெளியான, திருநர் மருத்துவத்துக்கான பன்னாட்டுப் பராமரிப்பு நெறிமுறைகளின் எட்டாம் பதிப்பு பரிந்துரைக்கும் ஆறு மாத ஹார்மோன் சிகிச்சை, மதிப்பீட்டுக் கடிதம், ரோம நீக்கம் எல்லாம் முடிந்துவிட்டதால், காகிதத்தில் நான் தயார்தான். ஆனால் மருத்துவர் சிறிதும் பெரிதுமாக மேசையில் வரிசையாக அடுக்கிக் காட்டிய டைலேட்டர்களை (அமைத்த யோனி சுருங்கிவிடாமலிருக்க உள்ளே செலுத்தும் கருவிகளை) பார்த்தபோதுதான், முதல் சில மாதங்கள் அவற்றை நாள்தோறும் பலமுறை பயன்படுத்தியாக வேண்டும் என்பது உறைத்தது. (ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.) எடுத்த முடிவில் எனக்குத் தயக்கமில்லை, தயாரிப்பில்தான் குறை. இச்சிகிச்சை செய்துகொண்டவர்கள், சிறுநீர் வெளியேறப் பொருத்தும் குழாயோடு (கதீட்டர்) கழித்த நாட்கள் எப்படியிருந்தன, உடனிருக்க ஒருவர் எத்தனை வாரங்கள் தேவைப்பட்டார், முன்கூட்டியே யாராவது சொல்லியிருக்கலாமே என்று எதை நினைத்தீர்கள் என்பதை எழுத இயலுமா? பொதுவில் எழுதத் தயங்குவோர் தனிச்செய்தியில் அனுப்பலாம், படங்கள் வேண்டாம்.