கத்தரியில் சிவப்பு, ரோஜாவில் பச்சை: இரண்டும் ஒரே சிலந்திப்பேனா?

யெலகங்கா மாடித்தோட்டம்:
வணக்கம். பெங்களூருதான். கத்தரி இலையடியில் கருஞ்சிவப்பாகவும், பக்கத்துத் தொட்டி ரோஜாவில் வெளிர்பச்சையில் இரண்டு கரும்புள்ளியோடும் பேன் இருக்கிறது. இரண்டிலும் நூலாம்படை உண்டு. கல்லூரி ஆய்வகத்தில் 100 மடங்கு எண்ணெய் லென்ஸ் கிடைக்கும். பெண் பேனை ஸ்லைடு போட்டுப் பார்த்தாயிற்று, வித்தியாசமே தெரியவில்லை. இனத்தை எப்படிப் பிரிப்பது?

பேன்வாத்தியார்:
நிறத்தை நம்பாதீர்கள். ரோஜாவில் இருப்பது டெட்ரானிகஸ் உர்ட்டிகேயாக இருக்கலாம். ஆனால் அதிலேயே சிவப்பு வடிவமும் உண்டு. சின்னபரினஸ் என்று தனி இனமாக எழுதிவந்ததைப் பலரும் இப்போது உர்ட்டிகேயோடு சேர்த்துவிட்டார்கள். கத்தரிக்கு வரும் இன்னொரு இனமான டெட்ரானிகஸ் லூடெனியும் சிவப்புதான்.

பெண்ணை வைத்துப் பேரினம் வரை போகலாம். முதல் காலின் டார்சஸில் (காலின் கடைசிக் கணு) இரட்டை மயிர், அதாவது ஒட்டி முளைத்த இரு மயிர், இரண்டு ஜோடி தள்ளித்தள்ளி இருந்து, எம்போடியம் (கால் நுனியில் நகங்களுக்கு நடுவே உள்ள உறுப்பு) மூன்று ஜோடி மயிராகப் பிளந்திருந்தால் டெட்ரானிகஸ். எம்போடியம் நகம்போல வளைந்திருந்தால் ஒலிகோனிகஸ் அல்லது பனோனிகஸ். பனோனிகஸில் முதுகு மயிர்கள் குமிழ்மேல் நிற்கும்.

இனத்துக்கு ஆணின் ஈடியாகஸ் (இனச்சேர்க்கை உறுப்பு) வேண்டும், அதுவும் பக்கவாட்டில். உர்ட்டிகேயில் நுனிக் குமிழ் சிறியது, முன்னும் பின்னும் ஏறக்குறைய ஒரே அளவு முனை இருக்கும். லூடெனியில் குமிழ் இருப்பதே தெரியாது, நுனி மேல்நோக்கிக் கொக்கியாக வளையும். ஆணைத் தேட கூம்பிய பின்பக்கமுள்ள சின்ன உருவைப் பாருங்கள். கடைசித் தோலுரிப்புக்காக அசையாமல் கிடக்கும் பெண்ணின் பக்கத்தில் காவல் நிற்கும்.

ஸ்லைடுபெட்டி:
ஸ்லைடு போடும் இடத்தில்தான் பலருக்கும் சறுக்கும். பேனை ஸ்லைடில் பதிக்கும் ஹோயர் கலவைக்கு 50 மி.லி. வடிநீரில் 30 கிராம் கருவேலம் பிசினைச் சூடு காட்டாமல் கரைத்து, 200 கிராம் குளோரல் ஹைட்ரேட், கடைசியாக 20 மி.லி. கிளிசரின் சேர்த்து, கண்ணாடிப் பஞ்சில் வடிகட்டுங்கள். குளோரல் ஹைட்ரேட் விஷம், கையுறை கட்டாயம்.

துளி சின்னதாக இருக்கட்டும். அதிகமானால் ஆண் மல்லாந்துவிடும். கவர் கண்ணாடியை வைத்ததும் ஊசியால் மயிரிழை அளவு நகர்த்தினால் ஒருக்களிக்கும். 40 மடங்கில் சரிபார்த்த பிறகே 45 டிகிரி அடுப்பில் ஒரு வாரம் காய வையுங்கள். சாய்ந்து கிடந்தால் குமிழின் ஒரு முனை குட்டையாகத் தெரியும், பெயரே மாறிப்போகும். இங்கே மழைக்காலத்தில் ஹோயர் ஈரம் இழுக்கும். காய்ந்ததும் ஓரத்தில் நெயில் பாலிஷ் பூசிவிடுங்கள்.

யெலகங்கா மாடித்தோட்டம்:
மிக்க நன்றி சார். கத்தரியில் ஆணே கண்ணில் படவில்லையே?

பேன்வாத்தியார்:
வளர்த்துக்கொள்ளலாம். அசையாமல் கிடக்கும் அந்தக் கடைசிப் பருவப் பெண்ணைத் தனியாக எடுத்து, ஈரப்பஞ்சின்மேல் வைத்த கத்தரி இலைத்துண்டில் விடுங்கள். ஆண் சேராமல் இடும் முட்டையெல்லாம் ஆணாகவே பொரியும். 25 டிகிரியில் ஏறக்குறைய பத்து நாளில் வளர்ந்துவிடும். அப்படி நாலைந்து தாய்களை, ஒவ்வொன்றையும் தனி இலைத்துண்டில் வையுங்கள், ஒரே இலையில் இரண்டு இனம் கலந்திருப்பது சாதாரணம். தாயையும் மகன்களையும் 70 சத ஆல்கஹாலில் ஒரே குப்பியில் போட்டு, செடி, இடம், தேதி, உயிரோடிருந்தபோது நிறம் எல்லாம் பென்சிலில் எழுதி உள்ளேயே போடுங்கள். பேனா மை ஆல்கஹாலில் கரையும். சந்தேகம் நின்றால் குப்பியோடு வேளாண் பல்கலைக்கழகத்தின் ஜி.கே.வி.கே. வளாகத்தில் பேன் ஆய்வுப் பிரிவைக் கேளுங்கள், உங்களுக்குப் பக்கம்தான்.